அம்மாவுக்கு யார் சாட்சி சொல்லுவது?



தாயையும் தகப்பனையும் கனம்பண்ணச் சொல்லுகிற கற்பனை (யாத்திராகமம் 20:12) நமக்கெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம். அம்மா உயிரோடு இருக்கிற வரைக்கும் அதன் அர்த்தம் தெளிவாகத் தெரியும். சொல் கேட்கணும், மருந்து மாத்திரை வாங்கிக் கொடுக்கணும், எதிர்த்துப் பேசக்கூடாது. ஆனால் அம்மா நித்திரையடைந்த பிறகு? அந்தக் கற்பனை அடக்க ஆராதனையோடு முடிந்துபோச்சா? முடியவில்லை என்றால், மரித்த தாயை எப்படிக் கனம்பண்ணுவது? புகழ்ந்து பேசியா, உள்ளதை உள்ளபடி சொல்லியா? இந்த மாதம் இதைக் கொஞ்சம் யோசிப்போம்.

நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியும். வயது முதிர்ந்த தாயார் ஒருவர் மகிமைக்குள் பிரவேசித்தால் ஒரு நினைவுத் தாள் அச்சடிப்போம். பிறந்த தேதி, மறைந்த தேதி, நடுவிலே ஒரு வசனம், கீழே மகன், மகள், மருமக்கள், பேரன், பேத்தி, கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி என்று ஒரு பெரிய வரிசை. வேலையில் இருப்பவருக்கு வேலை, வெளிநாட்டில் இருப்பவருக்கு ஊர்ப் பெயர். மூத்த மகன் எழுந்து நின்று, “எங்க அம்மா தனக்குன்னு ஒண்ணுமே வச்சுக்கல” என்பார். நாமும் “அல்லேலூயா” என்போம். வீட்டுக்குப் போகிற வழியில் யோசித்துப் பாருங்க. அந்தத் தாளிலே பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். அம்மா எங்கே இருக்கிறார்கள்? தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்றால், வைத்துக்கொள்ள விடாதது யார்?

கடினமான கேள்விதான். அதனால் நம்மில் யாருக்கும் உறவில்லாத, ஆனால் எல்லாரும் கேள்விப்பட்ட ஒரு தாயாரின் சரித்திரத்தை வைத்து இதைப் பார்ப்போம்.

சூசன்னாள் வெஸ்லி அம்மையாரைப் பற்றிப் பிரசங்கம் கேட்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். ஜாண் வெஸ்லிக்கும் சார்லஸ் வெஸ்லிக்கும் தாய். வீடு நிறையப் பிள்ளைகள், ஜெபிக்கத் தனி இடம் கிடையாது, ஆகையால் ஏப்ரனை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டு உள்ளே ஜெபிப்பார்களாம். அன்னையர் தினம் வந்தால் இந்தக் கதை கட்டாயம் வந்துவிடும். நமக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். ஒருவேளை அதிலே அவர்கள் முகம் தெரியாததினாலேயே பிடிக்கிறதோ என்னவோ! ஏப்ரனுக்குள் இருந்தது யார் என்று பார்ப்போம்.

1669-ஆம் வருஷம் ஜனவரி 20-ஆம் தேதி லண்டனில் பிறந்தார்கள். தகப்பன் சாமுவேல் ஆன்ஸ்லி பெயர் பெற்ற ஊழியர். அரசாங்கத் திருச்சபையின் சட்டத்துக்கு இணங்காததினால் 1662-இல் சபையை இழந்தவர். அவருடைய கடைசி மகள் இந்த சூசன்னாள். பதின்மூன்று வயது நிறையுமுன்னே இரண்டு பக்கத்து நியாயங்களையும் படித்து, ஆராய்ந்து, அப்பா விட்டு வந்த அதே திருச்சபைக்குத் திரும்புவதாகத் தீர்மானம் செய்தாள் அந்தப் பெண்பிள்ளை. தன் காரணங்களை எழுதியும் வைத்திருந்தாள். நம்ம வீட்டில் ஒரு சின்னப் பெண் இப்படிச் செய்தால் என்ன சொல்லுவோம் என்று நான் கேட்கப் போவதில்லை.

1688-இல் சாமுவேல் வெஸ்லி என்ற குருவானவரோடு கலியாணம். பத்தொன்பது பிள்ளைகள் பெற்றார்கள். வளர்ந்து ஆளானவர்கள் பத்துப் பேர். மூன்று ஆண், ஏழு பெண். “பத்தொன்பது” என்று வேகமாய்ச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஒன்பது சின்னப் பெட்டிகளை அந்தத் தாய் மண்ணுக்குள் அனுப்பியிருக்கிறார்கள், பிரியமானவர்களே. அதிலே ஒரு குழந்தை, பிரசவித்த களைப்பில் தாய் கிடந்தபோது, பார்த்துக்கொண்ட பெண் தூக்கத்தில் அறியாமல் மேலே புரண்டதினால் மூச்சுத் திணறி இறந்தது.

லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்ற ஊரில் குருமனை. கணவர் கல்விமான், ஆனால் கடன்காரர். 1705-இல் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். அம்மையார் தன் மோதிரங்களைக் கழற்றி, வித்து அனுபவிக்கச் சொல்லி சிறைக்கு அனுப்பினார்கள். அவர் திருப்பி அனுப்பிவிட்டார். உங்களுக்கு எப்போதாவது அப்பம் இல்லாமல் போனதுண்டா என்று யார்க் நகரத்து அத்தியட்சர் விசாரித்தார். இல்லாமல் போகவில்லை, ஆனால் அதைச் சம்பாதிக்கப் பட்ட கவலையும், தின்ற பிறகு அதற்குப் பணம் கட்டப் பட்ட கவலையும் சேர்ந்து அந்த அப்பத்தின் ருசியைக் கெடுத்துவிட்டது என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். இது முறுமுறுப்பா? நான் அப்படி நினைக்கவில்லை. கேட்டவருக்கு உண்மையைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. பிரசங்கத்தில் இதை அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். மூன்றாம் வில்லியம் ராஜாவுக்காகக் கணவர் குடும்ப ஜெபத்தில் ஜெபித்தபோது அம்மையார் “ஆமென்” சொல்லவில்லை. அவர் நியாயமான ராஜா அல்ல என்பது அவர்கள் மனசாட்சி. கணவர் கோபித்துக்கொண்டு, மனைவியையும் பிள்ளைகளையும் விட்டு வெளியே போய்விட்டார். 1702-இல் அந்த ராஜாவே இறந்துபோனார். அந்த வருஷத்திலே வீட்டில் ஒரு தீவிபத்தும் நடந்தது. அப்புறம்தான் குடும்பம் ஒன்றுசேர்ந்தது. அடுத்த வருஷம் 1703 ஜூனில் ஜாண் பிறந்தார். உலகத்தைக் கலக்கின எழுப்புதல்காரர், சண்டை தீர்ந்த வீட்டில் வந்து பிறந்த பிள்ளை!

சிலர் இங்கே ஒரு ஆட்சேபனை சொல்லுவார்கள். “ஐயா, நோவா வஸ்திரம் விலகிக் கிடந்தபோது நல்ல பிள்ளைகள் பின்னிட்டு நடந்துபோய் மூடினார்களே (ஆதியாகமம் 9:23). செத்துப்போன தாயின் சண்டையையும் கண்ணீரையும் வெளியே எடுத்துப் போடுவது காம் செய்த வேலை அல்லவா?” நல்ல கேள்வி. பெற்றோரின் வெட்கத்தை ஊருக்குக் காட்டி ருசிக்கிறவனுக்கு ஆசீர்வாதம் இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ஒரு தாயின் மனசாட்சி வெட்கமா? அவர்கள் பட்ட பசி வெட்கமா? அது வெட்கமென்றால் யாருடைய வெட்கம்? நாம் மூடுவது அநேகமாய் அம்மாவின் நிர்வாணத்தை அல்ல, அம்மாவுக்கு நாம் பட்ட கடனை. சாராள் நகைத்ததையும், ரெபெக்காள் ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையை ஏமாற்றினதையும் வேதம் மறைக்கவில்லை. அதனால் அந்தத் தாய்மாரின் கனம் குறைந்துபோகவும் இல்லை.

சரித்திரத்துக்கு வருவோம். 1709 பிப்ரவரி 9-ஆம் தேதி ராத்திரி குருமனை முழுவதும் எரிந்தது. கர்ப்பிணியாயிருந்த அம்மையார் நெருப்பின் நடுவே நடந்து, கையும் முகமும் சூடுபட்டு வெளியே வந்தார்கள். மாடியில் மாட்டிக்கொண்ட ஐந்து வயது ஜாணை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி ஜன்னல் வழியே எடுத்தார்கள். ஜாணைக் கர்த்தர் காப்பாற்றினதைத்தான் நாம் எப்போதும் சொல்லுகிறோம். பதின்மூன்று வயதுக்குள்ளே எழுதிவைத்த அந்தக் காகிதங்கள் அன்றைக்கு எரிந்துபோனதை யாரும் சொல்லுவதில்லை. ஒரு பெண் தன் சொந்த புத்தியால் தேவனைத் தேடின கதை அதிலே இருந்தது.

இப்போது வரப்போவது நம்ம நாட்டு விஷயம். 1706-இல் சீகன்பால்க்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அவர்கள் அங்கிருந்து எழுதின ஊழிய விவரங்கள் இங்கிலீஷில் புத்தகமாய் வந்தன. அந்தப் புத்தகத்தை அப்பாவின் படிப்பறையில் கண்டெடுத்தது மகள் எமிலியா. அம்மையார் அதைப் படித்து அசைக்கப்பட்டார்கள். பல நாள் வேறெதையும் நினைக்கவும் பேசவும் முடியவில்லை என்று கணவருக்கு எழுதினார்கள். நான் ஆணுமல்ல, ஊழியனுமல்ல, ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகம் செய்யலாமே என்ற எண்ணம் உண்டாயிற்று. பிள்ளைகளிலிருந்து ஆரம்பித்தார்கள். ராத்திரிக்கு ஒரு பிள்ளை. வியாழக்கிழமை ஜாண், சனிக்கிழமை சார்லஸ். கூட்டமாய் அல்ல, தனித்தனியாய் உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் ஆத்துமாவைப் பற்றிப் பேசுவது. இருபது வருஷம் கழித்து, ஆக்ஸ்போர்டில் பெரிய கல்விமானாய் இருந்த ஜாண், அந்த வியாழக்கிழமை நேரத்தைத் தனக்காக மறுபடியும் ஒதுக்கும்படி அம்மாவுக்கு எழுதிக் கேட்டார்.

கணவர் குருமார் சங்கத்துக்காக லண்டனில் மாதக்கணக்காய்த் தங்கியிருந்த காலம் அது. ஞாயிறு சாயங்காலம் வீட்டிலே பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் பிரசங்கம் வாசித்து ஜெபித்தார்கள். அக்கம்பக்கத்தார் கேள்விப்பட்டு வந்தார்கள். முப்பது, நாற்பது பேர், அப்புறம் இருநூறுக்கும் மேல்; நிற்க இடமில்லாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. அங்கே பொறுப்பிலிருந்த உதவிக் குருவானவருக்குப் பொறுக்கவில்லை. லண்டனுக்குக் கடிதம் போட்டார். பொம்பளை கூட்டம் நடத்துவது பார்க்க நன்றாயில்லை, வேறு யாராவது வாசிக்கட்டுமே என்று கணவர் எழுதினார். எழுத்துக்கூட்டாமல் ஒரு பிரசங்கத்தை வாசிக்கிற ஆள் அவர்களிலே இல்லை என்பது அம்மையாரின் பதில். நிறுத்தத்தான் வேண்டும் என்றால், ‘விரும்புகிறேன்’ என்று எழுதாமல் தெளிவாய்க் கட்டளை இடுங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் இந்த ஆத்துமாக்களைக் குறித்த கணக்கு என்மேல் வராதிருக்க அது எனக்கு வேண்டும் என்ற பொருளில் அடுத்த கடிதம் போனது. கணவர் கட்டளை அனுப்பவில்லை.

இதெல்லாம் 1712-க்குள் நடந்துவிட்டது. இப்போது முப்பது வருஷம் தள்ளிப் போங்கள். 1742 ஜூலை 23-ஆம் தேதி, லண்டனில், பிள்ளைகள் சுற்றி நிற்க, தன் ஆவி பிரிந்தவுடனே தேவனைத் துதித்துப் பாடும்படி சொல்லிவிட்டு அம்மையார் மகிமைக்குள் போனார்கள். பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் பெருங்கூட்டம். ஜாண் பிரசங்கித்தார். கல்லறையில் ஒரு கல் வைத்தார்கள். அதில் எழுத சார்லஸ் ஒரு கவிதை செய்தார். அவருக்கு அதுதானே வரம்.

அந்தக் கவிதை என்ன சொல்லிற்று தெரியுமா? எழுபது வருஷம் அவர்கள் நியாயப்பிரமாணத்தின் இருட்டிலே துக்கப்பட்டுக் கிடந்தார்கள், அப்புறம்தான் வெளிச்சம் கண்டார்கள் என்று! 1739-இல் திருவிருந்து எடுக்கும்போது, தன் பாவங்கள் மன்னிக்கப்பட்ட நிச்சயம் அம்மையாருக்கு உள்ளத்தில் உண்டானது. அதை அவர்களே ஜாணிடம் சொன்னார்கள். ஆகையால் சார்லஸ் பொய் எழுதவில்லை. ஆனால் பாருங்க, தரங்கம்பாடிக் கடிதங்களை வாசித்து அசைக்கப்பட்ட அந்த நாட்கள் இருட்டா? இருநூறு பேர் நெருக்கி நின்ற அந்த ஞாயிறு சாயங்காலங்கள் இருட்டா? சார்லஸின் சனிக்கிழமை ராத்திரி இருட்டா?

நம்மிடத்திலும் இது நடக்கிறது, சகோதரரே. அம்மா ஐம்பத்தெட்டு வயதில் ஞானஸ்நானம் எடுத்து, அறுபதில் அபிஷேகம் பெற்றார்கள் என்று வையுங்கள். “அதுவரைக்கும் அம்மா அந்தகாரத்தில் இருந்தாங்க” என்று சாட்சி சொல்லுவோம். சொல்லுகிற மகனுக்கு டைபாய்டு வந்தபோது ஏழு ராத்திரி கண்மூடாமல் ஈரத்துணி போட்டது அந்த அந்தகாரத்திலேதான். நம்மில் பலருடைய பாட்டியும் பூட்டியும் இயேசுவின் நாமத்தைக் காதால்கூடக் கேளாமல் போனவர்கள். கேட்டும் வராதவர்களும் உண்டு. அவர்களுடைய நித்தியத்தைக் குறித்துத் தீர்ப்பு எழுத யாரும் நம்மை உட்காரவைக்கவில்லை. ஆனால் அந்தக் கற்பனையை மறுபடி வாசித்துப் பாருங்கள். விசுவாசியான தாயை மட்டும் கனம்பண்ணு என்று அதிலே இல்லை. நம்ம கொள்கைக்கு ஆதாரம் காட்ட அம்மாவின் ஆயுசை இரண்டாக வெட்டுகிற அதிகாரம் நமக்கு எங்கேயிருந்து வந்தது?

ஜாண் இதிலே தம்பியைவிட ஒரு படி நல்லது செய்தார் என்பேன். அடக்கத்தை எழுதின தன் நாட்குறிப்பில், அம்மாவும் தன் அளவிலே நீதியைப் பிரசங்கித்தவர்தான் என்று எழுதி, கூட்டங்களைப் பற்றி அப்பாவுக்கு அம்மா எழுதின அந்தப் பழைய கடிதத்தையே சேர்த்துவிட்டார். அந்தக் கடிதத்திலிருந்துதான் தனக்கு அது தெரிந்ததாகவும் சொல்லுகிறார். அம்மாவைப் பற்றித் தான் பேசாமல் அம்மாவையே பேசவிட்டார். பிள்ளைகளை வளர்த்த விதத்தை விவரித்து அம்மா 1732-இல் எழுதின இன்னொரு கடிதத்தையும் அங்கே முழுசாய்ப் போட்டார். ஒரு வயதுக் குழந்தையே பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழக் கற்றுக்கொண்டதாக அதிலே இருக்கிறது. அந்தக் காலத்து வளர்ப்பு அப்படி. நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனாலும் ஜாண் அதை நீக்கவில்லை.

1828-இல் பழைய கல்லை எடுத்துவிட்டுப் புதுக் கல் வைத்தார்கள். இருட்டு போய்விட்டது, நல்லது. ஆனால் புதுக் கல்லில் இன்னாருடைய விதவை, இன்னாருடைய கடைசி மகள், பத்தொன்பது பிள்ளைகளின் தாய், அவர்களில் பிரபலமானவர்கள் ஜாணும் சார்லஸும் என்று வரிசை வந்தது. நம்ம நினைவுத் தாள் மாதிரியே இல்லை? பவுல் அப்போஸ்தலன் வேறே விதமாய்ச் செய்தார். அப்போஸ்தலர் நடபடிகளில் பெயரில்லாமல் வருகிற தீமோத்தேயுவின் தாய்க்கும், பாட்டிக்கும், அவர் தன் நிருபத்தில் பெயர் சொல்லுகிறார் (2 தீமோத்தேயு 1:5). ஐனிக்கேயாள், லோவிசாள். விசுவாசம் முதலில் அவர்களுடையது. பிள்ளைக்கு அது பிறகு வந்தது. யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்தபோது விதவைகள் அவளைப் புகழ்ந்து பேசினதைவிட அவள் தைத்த உடுப்புகளைக் காட்டி அழுதார்கள் (அப்போஸ்தலர் 9:39). அவள் யாருக்குத் தாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

கல்லில் வராத பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெட்டி என்ற மகள் புத்தியிலும் கவிதையிலும் அண்ணன் தம்பிக்குக் குறைந்தவள் அல்ல. 1725-இல் கலியாணம் பண்ணுவதாகச் சொன்ன ஒருவனை நம்பிப் போய், கர்ப்பவதியாய்த் திரும்பினாள். தகப்பன் அவளைக் குழாய் வேலைக்காரன் ஒருவனுக்குக் கட்டிவைத்தார். சாகிற வரை மனம் இரங்கவில்லை. அவள் பெற்ற குழந்தைகள் சிசுவிலேயே போயின. அவளுக்காக ஜாண் அப்பாவின் கோபத்துக்குப் பயப்படாமல், விழுந்தவர்களிடத்தில் காட்டவேண்டிய அன்பைப் பற்றி 1726-இல் பிரசங்கம் செய்தார். ஒரே அம்மா, ஒரே பள்ளி, ஒரே ஜெபம். ஒரு பிள்ளை எழுப்புதலுக்கும் ஒரு பிள்ளை கண்ணீருக்கும் போனது. பிள்ளைகளின் உயர்வை வைத்துத் தாயை அளந்தால் ஹெட்டியை எந்தத் தட்டிலே வைப்பது?

சார்லஸின் மகன் சாமுவேல் 1766-இல் பிறந்தார். பாட்டி போய் இருபத்துநாலு வருஷம் ஆகியிருந்தது. பெரிய சங்கீதக்காரர். மனைவியைப் பிரிந்து, வீட்டு வேலைக்கு இருந்த பெண்ணோடு வாழ்ந்தார். அந்தப் பெண்ணுக்கு 1810-இல் பிறந்த பிள்ளைதான் சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லி, சூசன்னாள் அம்மையாரின் கொள்ளுப்பேரன். நம்ம ஊரிலே இப்படிப் பிறந்த பிள்ளையின் பெயரை நினைவுத் தாளில் போடலாமா என்று குடும்பத்தில் ஒரு ராத்திரி முழுக்கப் பஞ்சாயத்து நடக்கும். அவர் பிற்பாடு இங்கிலாந்தின் பெரிய தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தார். 1864-இல் ‘ஆரேலியா’ என்று ஒரு ராகம் வெளியிட்டார். தமிழ்ப் பாமாலையில் ‘சபையின் அஸ்திபாரம்’ பாட்டை அந்த ராகத்தில்தான் பாடுகிறார்கள். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களை வாசித்து அசைக்கப்பட்ட கொள்ளுப்பாட்டியின் வீட்டிலிருந்து, இப்படியாக, நம்ம பக்கத்துக்கும் ஒன்று திரும்பி வந்து சேர்ந்தது.